வேங்கட எல்லைத் தமிழில் பேரெண்கள்

தொல்காப்பியப் பாயிரம் தமிழ்நிலத்தின் வட எல்லையாகச் சுட்டும் வேங்கடம், 2022 வரை சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த திருப்பதியின் மலையே ஆகும். அவ்வெல்லைக்குட்பட்ட தமிழில் பேரெண்களும் வழங்கின. பரிபாடலின் இரண்டாம் பாடல் ஊழிகளின் கால அளவைக் கூற நெய்தல், குவளை, ஆம்பல், சங்கம், கமலம், வெள்ளம் என்னும் ஆறு எண்ணுப்பெயர்களை ஆள்கிறது. இவற்றைப் புலவரின் மிகைக்கூற்று எனக் கொள்வது பொருந்தாது. தொல்காப்பிய எழுத்ததிகாரம் ஐ, அம், பல் என முடியும் எண்ணுப்பெயர்களுக்குப் புணர்ச்சி விதி வகுத்துள்ளது. தாமரை, வெள்ளம், ஆம்பல் என்பன உரையாசிரியர் காட்டும் சான்றுகள். ஏழு என்பது நூற்றொடு புணரின் ‘எழுநூறு’ எனக் குறுகும். இவற்றொடு புணரின் ‘ஏழ் தாமரை’ என முதல் நெடில் குறுகாது நிற்கும். இவற்றின் மதிப்பை நூற்பா கூறவில்லை. எனினும், பிறிதோர் எண்ணால் பெருக்கப்படும் தன்மையே இவற்றை அலகுகளாக்குகிறது. இலக்கணம் விதி வகுப்பது வழக்கிற்கே. ஆதலின் பேரெண்கள் பாட்டிற்கு முன்னரே தமிழர் எண்முறையில் இடம்பெற்றிருந்தன எனக் கொள்ளலாம்.