தராசும் இஞ்ச் டேப்பும்

பரமத்தி வேலூரை அடுத்த பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்தில் ஒரு சிப்பம் என்றால் 30 கிலோ. எடை ஒன்றுதான், அச்சு வெல்லத்துக்கு ஒரு விலை, உருண்டைக்கு ஒரு விலை. எடையை மட்டும் பார்த்து அங்கே யாரும் ஏலம் கேட்பதில்லை. அதே ஊர்க்காரர்கள், அறுபது வயதுக்குமேல் டாக்டர் "எடையைக் குறையுங்க" என்றதும் தராசை மட்டுமே பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். குறைந்த ஐந்து கிலோவில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று கேட்பாரில்லை.

எங்கள் பக்கம் பெரும்பாலோர் பிடிப்பது வயிற்றைக் கட்டும் வழி. ராத்திரிச் சோறு நின்று இரண்டு இட்லியாகும். காப்பியில் சர்க்கரை போய் வெல்லம் வரும். காலையில் காவிரிப் பாலம்வரை ஒரு நடை. (எடையைப் பொறுத்தவரை வெல்லம் சர்க்கரையின் பங்காளிதான். வேலூரில் இதைச் சத்தமாகச் சொல்ல முடியாது.) இன்னொரு வழி, சாப்பாட்டை அளவாக்கிக்கொண்டு கூடவே தசைக்கும் வேலை கொடுப்பது. அதற்குத்தான் வீட்டில் தடை: "இந்த வயசுல எதுக்குங்க மாமா பாரம் தூக்கிட்டு?"

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2011இல் அமெரிக்காவில் வெளியானது. டென்னிஸ் வில்லாரியல் என்ற மருத்துவரின் குழு, 65 வயதைத் தாண்டிய பருமனானவர்கள் 107 பேரை ஓராண்டு கவனித்தது. சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்களுக்கு எடை 10 சதவீதம் இறங்கியது. சாப்பாட்டோடு உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு 9. தராசைக் கேட்டால் முதல் கூட்டம்தான் ஜெயித்தது என்று சொல்லும். ஆனால் தசையைப் பெரும்பகுதியாகக் கொண்ட, கொழுப்பல்லாத உடல் எடை முதல் கூட்டத்துக்கு 5 சதவீதம் கரைந்திருந்தது, இரண்டாவதுக்கு 3. இடுப்பெலும்பின் அடர்த்தி முதல் கூட்டத்துக்கு 3 சதவீதம் குறைந்தது, மற்றதற்கு 1. நடப்பது, எழுவது, படியேறுவது போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டபோது முதலாவது 12 சதவீதம் முன்னேறியது, இரண்டாவது 21. எனக்குப் பிடித்தது மூன்றாவது கூட்டம். அவர்கள் சாப்பாட்டைக் குறைக்கவில்லை, பயிற்சி மட்டும் செய்தார்கள். எடை அசையவே இல்லை. மதிப்பெண் மட்டும் 15 சதவீதம் ஏறியது. நம் ஊரில் என்றால், "ஒரு கிலோகூடக் குறையலையே" என்று இரண்டாம் மாதமே கைவிட்டிருப்பார்கள்.

தினமும் நடக்கிறேனே, அது பயிற்சி இல்லையா என்று கேட்கலாம். இதே குழு 2017இல் 160 பேரை வைத்து அதையும் பார்த்தது. பயிற்சி செய்த மூன்று பிரிவுகளுக்கும் உணவுக் கட்டுப்பாடு உண்டு. ஒரு பிரிவு நடை, சைக்கிள் போன்றவற்றை மட்டும் செய்தது, ஒரு பிரிவு எடை தூக்கியது, ஒரு பிரிவு இரண்டையும் செய்தது. எடை இந்த மூன்று பிரிவுக்கும் 9 சதவீதம்தான் குறைந்தது. கொழுப்பல்லாத எடையில் மட்டும் நடை வகைக்கு 5 சதவீத இழப்பு, தூக்கியவர்களுக்கு 2. நடையும் தூக்குவதும் சேர்ந்த பிரிவுதான் உடலியக்கத்தில் அதிகம் முன்னேறியது. ஆக, பாலத்து நடையை விட வேண்டாம். அது போதும் என்று மட்டும் இருந்துவிட வேண்டாம்.

கொடிக்காலில் ஏணி ஏறி வெற்றிலை கிள்ளிய தலைமுறைக்கு இது தனியாகத் தேவைப்படவில்லை. ஏணியில் ஏறுவதும், குத்தவைத்து எழுவதும், கூடை தூக்குவதும் அவர்களுடைய கூலிக்குள்ளேயே அடக்கம். காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவருக்குத்தான் அதைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. ஜிம் வேண்டியதில்லை. கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், சுவரைத் தள்ளுவதும், தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்கி இறக்குவதும் போதும். முட்டிவலியோ இதய நோயோ இருந்தால் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம்.

சாப்பாட்டிலும் இந்த இரண்டு வழிகள் பிரிகின்றன. இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பதை நம்பி கொள்ளு ரசம் குடிக்கிறவர்கள் உண்டு. கொள்ளுக்குக் கொழுப்பைக் கரைக்கும் மந்திரம் ஏதுமில்லை. அதன் பெருமை 100 கிராமில் இருக்கும் சுமார் 22 கிராம் புரதம். அது ரசத்தைவிடக் கடைந்த பருப்பில்தான் அதிகம் வந்து சேரும். முதியவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்று 2013இல் சர்வதேச வல்லுநர் குழு ஒன்று சொன்னது. 60 கிலோ ஆளுக்கு 60 கிராமாவது வேண்டும். இரண்டு இட்லியில் ஏறக்குறைய 4 கிராம்தான் இருக்கும். ஒரு முட்டையில் 6. நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுகிறது. மாவட்டத்துப் பெரியவர்களோ சூடு என்று ஒதுக்குகிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்ய வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள், அவரைக் கேட்காமல் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தவே கூடாது. தாழ்சர்க்கரை தூக்கத்திலேயே வந்துவிடும்.

தராசு சொல்லாததை டெய்லரின் இஞ்ச் டேப் ஓரளவு சொல்லும். ஆசிய நாடுகளின் வல்லுநர்கள் 2019இல் வகுத்த அளவின்படி, கெண்டைக்காலின் பருத்த இடத்தில் சுற்றளவு ஆணுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 33க்கும் குறைந்தால் தசை கரைகிறதா என்று பார்க்கவேண்டும். கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ பிடித்தாலும் அப்படித்தான்.

கட்டுப்பாடும் இல்லாமல் பயிற்சியும் இல்லாமல் எடை தானாகக் குறைவது இந்த இரண்டு வழியிலும் சேராது. ஆறு மாதம், ஒரு வருடத்துக்குள் 60 கிலோ ஆள் 3 கிலோ இறங்கியிருந்தால் காசநோய், தைராய்டு, சர்க்கரை, புற்று என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். கல்யாண வீட்டுப் பந்தியில் "உடம்பு நல்லா குறைஞ்சிருச்சுங்களே, என்ன பண்ணுனீங்க?" என்று கேட்கும்போது, "ஒண்ணுமே பண்ணலைங்க" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், பக்கத்தில் இருப்பவர் இலையில் கை வைக்கும் முன் அவரை எந்த டாக்டரிடம் அழைத்துப் போவது என்று யோசிக்கலாம்.