நைற்றிங்கேலும் மரணக் கணக்கும்

‘கைவிளக்கேந்திய காரிகை’ எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பெருமையைக் கருணையோடு மட்டும் அடக்கிவிடுதல் வரலாற்றுக்குப் பொருந்துவதன்று. கிரிமிய யுத்தத்தின்போது, 1854 நவம்பரில், அவர் 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூற்றாரியிலிருந்த பிரித்தானிய இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். உணவும் உடையும் படுக்கையும் சீர்பெற்றன; எனினும் மரணங்கள் குறையவில்லை. 1855 பெப்ரவரியில் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கழிவுநீர்க் கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கும் வழிசெய்தது. யூன் மாதத்தில் அவ்விகிதம் ஏறக்குறைய 2 ஆக வீழ்ந்தது.

தாயகம் மீண்ட நைற்றிங்கேல், புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பாரின் துணையுடன் இவ்வெண்களை ஆராய்ந்தார். போர்க் காயங்களிலும் பார்க்கத் தடுக்கத்தக்க நோய்களே வீரர் பலரைக் கொன்றன என்பதை 1858இல் வரைபடங்களால் நிறுவினார். தாம் பணியாற்றிய வைத்தியசாலையின் மரணங்களையும் அவர் அக்கணக்கினின்று விலக்கவில்லை. 1860இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் அமைந்த பயிற்சிக் கல்லூரி தாதிமையை முறையான கல்வியாக்கியது.

கருணையின்றித் தாதிமை இல்லை. ஆயின், நோயாளர் பிழைத்தனரா எனக் கணக்கிட்டுத் தன் குறையைத் தானே காணும் நேர்மையே அக்கருணையைப் பயனுடையதாக்கும் என்பது ஸ்கூற்றாரி உணர்த்தும் பாடமாகும்.