மன்னார் மணலுக்கு முன்: விண்தூசி கோளான கதை

2025 ஆகஸ்டில் காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக மன்னார் மக்கள் நாட்கணக்கில் வீதியில் நின்றார்கள். அந்த நாட்களில் அடிக்கடி கேட்ட சொல் இல்மனைற். இரும்பு, டைட்டேனியம், ஒட்சிசன் மூன்றும் சேர்ந்த கருநிறக் கனிமம் அது. பாறைகள் சிதைந்து, ஆறும் கடலும் அதைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன என்பது பலருக்கும் தெரியும். அந்தப் பாறைக்குள் இரும்பு எப்படி வந்தது என்று நான் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, விடை சூரியன் பிறந்த காலத்துக்கு, ஏறத்தாழ 456 கோடி ஆண்டுகளுக்கு முன் கொண்டுபோனது.

ஒரு வீதம் தூசி

விண்மீன்களுக்கு இடையே வாயுவும் தூசியும் கலந்த முகில்கள் உள்ளன. அப்படியொரு முகில் தன் ஈர்ப்பாலேயே சுருங்கும்போது நடுவில் விண்மீன் பிறக்கிறது. மிஞ்சியது அதைச் சுற்றித் தட்டுப்போலச் சுழல்கிறது. அந்தத் தட்டின் நிறையில் சுமார் 99 வீதம் வாயு. 1 வீதம்தான் தூசி. பூமியின் பாறையும் இரும்பும் அந்த ஒரு வீதத்திலிருந்து வந்தவை.

விண்தூசி பனித்துகள் என்றே முன்பு பெரிதும் கருதப்பட்டது. கொழும்பில் 1939இல் பிறந்த சந்திர விக்ரமசிங்க, பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து 1962இல் அதில் காரீயத் துகள்கள், அதாவது கரிமம், இருக்கலாம் என்று எழுதினார். விண்தூசியில் கரிமமும் சிலிக்கேற்றும் இருப்பது இன்று ஏற்கப்பட்ட விடயம். வால்வெள்ளிகளே பூமிக்கு உயிரைக் கொண்டுவந்தன என்ற அவரது பிற்காலக் கருத்தைப் பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கவில்லை.

வளர்ச்சி நிற்கும் இடம்

மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கள் மெதுவாக மோதினால் ஒட்டிக்கொள்ளும். மில்லிமீற்றர், சென்ரிமீற்றர் அளவுக்கு வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. மோதினால் ஒட்டாமல் தெறிக்கின்றன அல்லது உடைகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டில் உள்ள வாயு, திண்மத் துண்டுகளை விடச் சற்று மெதுவாகச் சுழல்கிறது. அதனால் துண்டுகளுக்கு எப்போதும் எதிர்காற்று. வேகம் குறைந்து அவை விண்மீனை நோக்கி உள்ளே சரிகின்றன. பூமி இருக்கும் தூரத்தில் ஒரு மீற்றர் அளவுள்ள கல், சில நூறு ஆண்டுகளுக்குள் சூரியனுக்குள் போய்விடும். இந்தக் கணக்குப்படி பூமியே உருவாகியிருக்கக் கூடாது.

2005இல் அன்ட்ரூ யூடின், ஜெரமி குட்மன் இருவரும் ஒரு வழியைக் காட்டினார்கள். சோளகக் காலத்தில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: தனியே போனால் கஷ்டம், கூட்டமாகப் போனால் காற்றின் தடை குறையும். துகள்களும் ஓரிடத்தில் நெருங்கும்போது எதிர்காற்று தணிகிறது. உள்ளே சரிவது குறைகிறது. பின்னால் வருபவையும் அங்கே வந்து சேர்கின்றன. கூட்டம் போதிய அளவு அடர்ந்ததும் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி, பல கிலோமீற்றர் அகலமுள்ள பொருளாகிவிடுகிறது. சூரியனுக்கு அருகே அவை பாறைக் கோள்களுக்கு விதையாகின. நீர் உறையும் எல்லைக்கு அப்பால் பனியும் சேர்ந்ததால் வால்வெள்ளிகள் பிறந்தன.

கண்ட சான்றுகள்

சிலியிலுள்ள அல்மா தொலைநோக்கி, 2014இல் சுமார் 450 ஒளியாண்டு தொலைவிலுள்ள எச்.எல். டோரி என்ற இளம் விண்மீனைப் படம் பிடித்தது. அதன் தூசித் தட்டில் வளையங்களும் இடைவெளிகளும் தெளிவாகத் தெரிந்தன. கோள்கள் ஏற்கெனவே உருவாகி அந்த இடைவெளிகளை வெட்டியிருக்கலாம்.

2006இல் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்ட் 2 வால்வெள்ளியின் தூசியைப் பூமிக்குக் கொண்டுவந்தது. பனியில் பிறந்த அந்தப் பொருளுக்குள் கடும் வெப்பத்தில் மட்டுமே உருவாகும் கனிமங்கள் இருந்தன. சூரியனுக்கு அருகிலிருந்த தூசி, குளிர்ந்த வெளி எல்லை வரை அள்ளுண்டு போயிருக்கிறது.

2019 ஜனவரி 1ஆம் திகதி நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் அரோகொத் என்ற பொருளைக் கடந்து சென்றது. இரண்டு பகுதிகள் ஒட்டிய வடிவம்; நீளம் சுமார் 36 கிலோமீற்றர். ஒட்டிய இடத்தில் நொறுங்கிய அடையாளம் இல்லை. மனிதர் நடக்கும் வேகத்தில் மெல்லத் தொட்டுச் சேர்ந்திருக்கின்றன. மோதி மோதி வளர்ந்ததை விட, ஒரே கூட்டமாகச் சுருங்கியது என்ற விளக்கத்துக்கே இது வலுச் சேர்க்கிறது.

மார்கழி, தை மாத இரவுகளில் மன்னாரிலிருந்து பார்த்தால், கார்த்திகைக் கூட்டத்துக்கும் ரோகிணிக்கும் அருகே எச்.எல். டோரி இருக்கும் திசை தெரியும். அந்த விண்மீன் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அங்கே இன்றும் தூசி சேர்ந்துகொண்டிருக்கிறது.

இளம் விண்மீனைச் சுற்றிய வாயு சில மில்லியன் ஆண்டுகளில் கலைந்துவிடும். பெரிய வாயுக் கோள்கள் அதற்குள் உருவாகிவிட வேண்டும். பிரபஞ்சக் கணக்கில் அது அவசர வேலை. நம் கரையில் மணல் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்தன. அதை அள்ள இயந்திரங்களுக்குச் சில ஆண்டுகள் போதும். அகழ்வு அனுமதி பற்றிப் பேசும் மேசைகளில் இந்த இரண்டு கால அளவுகளும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட வேண்டும்.