ஏழூர் ஓட்டம்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "நீதான் ஓடுற ஆளாச்சே, அதைப் பத்தி நாலு பக்கம் எழுது. ஆனா சரித்திரமா இருக்கணும்பா, சொந்தப் பெருமை வேண்டாம்" என்றார் எங்களுக்கு இரண்டு வருஷம் சீனியரான அண்ணன். சொந்தப் பெருமைக்கு இதில் இடமே கிடையாது என்பதைப் படித்து முடிக்கும்போது அவரே ஒப்புக்கொள்வார்.

நான் படித்தது சிவில். கம்பியும் காங்கிரீட்டும்தான் பிழைப்பு. முப்பது வயதுக்கு மேல் தொப்பையைக் குறைக்க ஓட ஆரம்பித்து, அது பைத்தியமாகவே முற்றி, கர்நாடகக் காப்பித் தோட்டங்களுக்குள்ளே நடக்கிற மல்நாட் அல்ட்ராவில் ஒருமுறை ஐம்பது கிலோமீட்டர் ஓடி முடித்தேன். பதக்கத்தை மாட்டிக்கொண்டு ஊருக்கு வந்தபோது என் ஹாஸ்டல் ரூம்மேட் கேட்டான்: "மலையேறி எங்கேயோ போய் ஓடுறியே, நம்ம ஊர்ல ஓட வழியா இல்லை?" யோசித்துப் பார்த்தேன். வழி இருந்தது. ஏழூர் சுற்றும் வழி!

திருவையாறு என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தியாகராஜ ஆராதனை. நம் பக்கத்து ஜனங்களுக்கு அதோடு சப்தஸ்தானம் எனும் ஏழூர்த் திருவிழாவும். கொள்ளிடத்து வடகரையில் திருமழபாடியில் நந்தியெம்பெருமானுக்கும் சுயசாம்பிகைக்கும் பங்குனியில் கல்யாணம். கல்யாணத்துக்குத் திருப்பழனத்திலிருந்து பழம் வந்ததாம். திருச்சோற்றுத்துறை சோறு போட்டது, திருவேதிகுடியிலிருந்து வேதியர்கள் வந்தார்கள், கண்டியூர் ஆபரணம் தந்தது, திருப்பூந்துருத்தி பூ, நெய்த்தானம் என்கிற தில்லைஸ்தானம் நெய். மாப்பிள்ளை வீட்டுக்காரரான ஐயாறப்பர், உதவின ஆறு ஊருக்கும் தானே நேரில் போய் நன்றி சொல்கிறார். சித்திரை விசாகத்தில் கண்ணாடிப் பல்லக்கு கிளம்பும். ஊருக்கு ஊர் அந்தந்த சுவாமியும் ஒரு பல்லக்கில் சேர்ந்துகொள்ள, கடைசியில் ஏழு பல்லக்கும் திருவையாற்றுக்கு வந்து சேரும். அங்கே பொம்மை பூப்போட்டு வரவேற்கும். சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது அந்தப் பொம்மையை மட்டும்தான். சுவாமி ஞாபகத்தில் இல்லை.

வழியின் நீளம் அரை மாரத்தானுக்கு மேல், முழு மாரத்தானுக்குக் கீழ். ஆனால் கிலோமீட்டரை வைத்து இந்த வழியை அளந்தால் ஏமாந்துபோவீர்கள் (நான் ஏமாந்தேன்). கல்லணைக்குக் கீழே நம் ஆறுகள் விரல் விரித்த மாதிரி பிரிகின்றன. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு பஸ்ஸில் போனால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்தையும் தாண்டுகிறோம். ஐயாறு என்ற பெயருக்கே இதைத்தான் காரணம் சொல்வார்கள். திருவையாறும் திருப்பழனமும் காவிரிக்கு வடகரையில் இருக்க, சோற்றுத்துறையும் வேதிகுடியும் கண்டியூரும் குடமுருட்டிக்குத் தெற்கே. தில்லைஸ்தானம் மறுபடி வடகரை. ஆக, போகும்போது இரண்டு ஆறு, திரும்பும்போது இரண்டு ஆறு. பாலம் இல்லாத காலத்தில் ஆடி மாதத்துப் பெருக்கில் பல்லக்கைத் தூக்கிக்கொண்டு இப்படிப் போயிருக்க முடியுமா? சித்திரையில்தான் ஆறு மணலாகக் கிடக்கும், கழனியில் அறுவடை முடிந்திருக்கும், தூக்குகிற ஆளுக்கும் வேலை குறைவு. மேட்டூர் அணை 1934-ல் வந்தது. ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கமாயிற்று. சித்திரையில் ஆறு வறண்டிருப்பது அதற்கப்புறமும் மாறவில்லை. திருவிழாவுக்கு நாள் வைத்தவர் யாரோ, நீர்ப்பாசனம் தெரிந்த ஆள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இந்த வழிக்கு ஒரு பழைய யாத்திரீகர் உண்டு. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த அப்பர். கயிலாயத்தை நடந்தே போய்ப் பார்ப்பேன் என்று வயதான காலத்தில் கிளம்பினார். பாதம் தேய்ந்தது. கையால் ஊன்றித் தவழ்ந்தார். அதுவும் முடியாமல் மார்பால் ஊர்ந்து, உருண்டு, கடைசியில் அசையவே முடியாமல் கிடந்தார். அங்கே ஒரு குளத்தில் மூழ்கச் சொல்லி உத்தரவாகி, மூழ்கி எழுந்த இடம் திருவையாறு; கயிலைக் காட்சி அங்கேயே கிடைத்தது என்கிறது பெரிய புராணம். ஆடி அமாவாசையன்று அங்கே இன்றும் அந்த விழா நடக்கிறது. ஓட்டக்காரர் பாஷையில் சொன்னால் அப்பர் பாதியில் நின்றவர். ஆனால் அவர் பெயரைத்தான் நாம் வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெயர் நிற்காத ஓட்டக்காரர்களும் இருந்தார்கள். தபால் ஓட்டக்காரர்களைச் சொல்கிறேன். மதராஸில் 1786-ல் தலைமைத் தபால் நிலையம் வந்தது. 1854-ல் தேசம் முழுவதற்கும் அரையணாத் தபால்தலை வந்தது. ஆனால் கடிதத்தைக் கொண்டுபோனவை மனிதக் கால்கள்தான். சலங்கை கட்டிய ஈட்டி ஒரு கையில், பை தோளில். குறிப்பிட்ட தூரம் வந்ததும் அடுத்த ஆள் தயாராக நிற்பார், பை கை மாறும். திருவிதாங்கூரில் 'அஞ்சலோட்டக்காரன்' என்றே பெயர். 1951-ல் அந்த அஞ்சல் இந்தியத் தபாலோடு சேரும்வரை தனியாக இருந்தது. நம் பக்கம் 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு ரயில் வந்தது, அடுத்த வருஷம் திருச்சிக்கு நீண்டது. பெரிய பைகள் ரயிலேறின. ரயில் போகாத கிராமத்துக்கு அப்புறமும் கால்தான். விளையாட்டில் நாம் தொடர் ஓட்டம் என்பதை இலங்கையில் அஞ்சலோட்டம் என்கிறார்கள். கையில் வாங்கும் குச்சி தபால் பையின் பேரப்பிள்ளை மாதிரி.

வெறுங்கால் என்றதும் இன்னொன்று. 1920-ல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸுக்கு நம் நாட்டு அணி போவதற்குக் காரணமாயிருந்தவர் தொராப்ஜி டாட்டா. பூனாவில் விவசாயக் குடும்பத்துப் பையன்கள் செருப்பில்லாமல் ஓடியதைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணமே வந்தது. பெல்காம் பட்டேப்பா சௌகுலே அந்த மாரத்தானில் 19-ஆவதாக வந்தார். 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிஷத்தில் மாரத்தான் ஓடி தேசிய சாதனை படைத்த சிவ்நாத் சிங்கும் வெறுங்காலால் ஓடிப் பேர் வாங்கியவர்தான். எட்டாயிரம் ரூபாய் ஷூ போட்ட எனக்கு என்ன ஆயிற்று என்று இனி சொல்கிறேன்.

போன சித்திரையில், விசாகத்துக்கு ஒரு வாரம் முன்னால், விடியற்காலை ஐந்து மணிக்கு ரூம்மேட்டும் நானும் தேரடியிலிருந்து கிளம்பினோம். அவன் சைக்கிளில், தண்ணீரோடு. திருப்பழனம் வரை வாழைத் தோட்டக் காற்று, சொர்க்கம்! காவிரியில் இறங்கியதும் கதை மாறியது. மணலில் ஒவ்வொரு அடியும் அரை அடி உள்ளே போகும். தட்டையான பூமி, ஏற்றம் கிடையாது, சுலபம் என்று கணக்குப் போட்டிருந்தேன். சைக்கிளை ஆற்றில் இறக்க முடியாது, அவன் பாலம் சுற்றி வரவேண்டும், தண்ணீர் அவனோடு போய்விடும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. இரண்டு இன்ஜினியர்கள் போட்ட திட்டம்!

சோற்றுத்துறை தாண்டி உளுந்து எடுத்த வயல். வரப்பெல்லாம் வெடிப்பு. எட்டு மணிக்கே வெயில் ஏறிவிட்டது. டெல்டாவில் காற்றிலேயே ஈரம், வேர்வை உலராது, உலராத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. இது பாடப் புத்தகத்தில் படித்தது. வேதிகுடி வந்தபோது வேர்வை நின்றுபோய் உடம்பு சிலிர்த்தது, கண் இருட்டியது. கோயில் மதிலோரம் இருந்த ஒரு திண்ணையைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "ஏன் தம்பி, யாராச்சும் தொரத்துறாங்களா?" துண்டை நனைத்து என் கழுத்தில் போட்டார், உள்ளேயிருந்து உப்புப் போட்ட நீர்மோர் வரவழைத்தார். ஏழூர் வழி ஓடுகிறேன் என்று சொன்னதும் சிரித்தார். ஏழூர்ப் பல்லக்குக்கு ஸ்ரீபாதம் தாங்கி நிறைய வருஷம் போனவராம். சட்டையை விலக்கி வலது தோளைக் காட்டினார். அங்கே காய்ப்பு, உள்ளங்கையளவு.

"ஏழு ஊரையும் ஒருத்தரே தூக்கினதா கேள்விப்பட்டிருக்கீங்களா? மணல்ல இறங்கி ஏறுறப்ப தோள் எரியும். பக்கத்துல வர்றவன்ட்ட ஒரு சத்தம் குடுத்தா அவன் தோள் குடுப்பான். பல்லக்கு நிக்காது. நாம நிக்கலாம்."

ரூம்மேட் வந்து சேர்ந்தபோது நான் எழுந்து உட்கார்ந்திருந்தேன். கண்டியூரும் பூந்துருத்தியும் நான் ஓடவில்லை, அவன் சைக்கிள் கேரியரில் போனேன். பூந்துருத்தியில்தான் அப்பர் மடம் அமைத்துத் தங்கியிருந்தார். பாண்டி நாட்டிலிருந்து திரும்பிய சம்பந்தர் அங்கே வரும்போது, கூட்டத்தோடு கூட்டமாக அப்பரும் பல்லக்கின் கொம்பைத் தாங்கினார். "அப்பர் எங்கே?" என்று சம்பந்தர் கேட்க, கீழேயிருந்து "இங்கே இருக்கிறேன்" என்று குரல் வந்ததாம். இந்தக் கதையை நான் பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்காகப் படித்தேன். கேரியரில் உட்கார்ந்துகொண்டு நினைத்தபோது வேறு மாதிரி இருந்தது.

தில்லைஸ்தானத்திலிருந்து திருவையாறுவரை கடைசித் துண்டு. நான் சைக்கிளை வாங்கிக்கொண்டேன், பத்து வருஷமாக ஓடாத என் ரூம்மேட் பேன்ட்டை மடித்துவிட்டு ஓடினான். தேரடிக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால்.

வருகிற சித்திரையில் ஏழு பேராக, ஊருக்கு ஒருவராக மாற்றி மாற்றி ஓடுவதாக உத்தேசம். நான்கு பேர் சேர்ந்தாயிற்று. மண்டபத்தில் மதியச் சாப்பாட்டு வரிசையில் என்னைப் பிடித்தால் எந்தத் துண்டு வேண்டும் என்று சொல்லலாம். ஆற்றைக் கடக்கும் துண்டு மட்டும் எனக்கு, அதில் ஒரு பாக்கி இருக்கிறது.