பாலியல் பொம்மைகள்: உளவியல், சமூக விளைவுகள்

பாலுறவுத் தேவைக்காக மனித உடலின் அளவிலும் சாயலிலும் செய்யப்படும் உருவமே பாலியல் பொம்மை. துணியிலும் ரப்பரிலும் வினைலிலும் செய்யப்பட்டு வந்த இது, 1990களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் மாட் மெக்மல்லன் சிலிகோனில் வார்த்த உருவங்களோடு இன்றைய வடிவத்தை அடைந்தது. வாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள்.

தான் செதுக்கிய சிலையையே காதலித்த பிக்மேலியனின் கதையை ரோமானியக் கவிஞர் ஓவிட் பாடியிருக்கிறார். உளவியல் நோக்கில் அதைவிடப் பயனுள்ளது ஆஸ்திரிய ஓவியர் ஆஸ்கர் கோகோஷ்காவின் வாழ்க்கை. அவர் காதலித்த ஆல்மா மாலர் 1915இல் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸை மணந்துகொண்டார். அதே ஆண்டு முதல் உலகப் போரில் கோகோஷ்கா படுகாயமடைந்தார். 1918இல் ஆல்மாவின் உருவில் ஆளுயரப் பொம்மை ஒன்று செய்து தருமாறு மியூனிக் நகரின் பொம்மைக் கலைஞர் ஹெர்மினே மோஸைக் கேட்டுக்கொண்டார். தோல் தொடுவதற்கு எப்படி இருக்க வேண்டும் என்பதுவரை கடிதங்களில் விளக்கினார். அளவுகளை வரைந்தும் அனுப்பினார். 1919இல் வந்து சேர்ந்த பொம்மை அவருக்குப் பெருத்த ஏமாற்றமாயிற்று. ஆயினும் அதை மாதிரியாக வைத்து ஓவியங்கள் தீட்டினார். இறுதியில் டிரெஸ்டனில் நடந்த ஒரு விருந்தில் அதன் தலையைத் துண்டித்து, சிவப்பு ஒயினை ஊற்றினார். பிணம் கிடப்பதாக எண்ணி மறுநாள் காவலர்கள் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார்.

பொம்மை மனிதரைத் தனிமைக்குத் தள்ளுகிறது என்பது பரவலான குற்றச்சாட்டு. தெரிந்த வரலாறுகளிலோ தனிமையே முந்தி வருகிறது. 1977இல் டோக்கியோவில் தொடங்கப்பட்ட ஓரியண்ட் இண்டஸ்ட்ரி நிறுவனத்தின் தொடக்ககால வாடிக்கையாளர்களில் உடல் ஊனமுற்றோரும் மனைவியை இழந்தோரும் இருந்தனர். வைத்திருப்போர் பலர் பொம்மைக்குப் பெயரிட்டு, உடுத்தி, அதனுடன் பேசுகின்றனர். உயிரற்றதன்மேல் மனிதப் பண்பை ஏற்றும் இந்த இயல்பு நோயன்று. அதே வேளையில், பாலியல் எந்திரப் பொம்மைகள் மருத்துவ நலம் தரும் என்ற விற்பனையாளர் கூற்றுக்குச் சான்றில்லை என 2018இல் பிரிட்டனில் வெளியான மருத்துவ ஆய்வு மதிப்பீடு ஒன்று கூறியது. 2022இல் வெளியான கிரெய்க் ஹார்ப்பர் குழுவினரின் ஆய்வில், பொம்மை வைத்திருப்போரிடம் பாலியல் வன்முறை நாட்டம் மற்றவர்களைவிடக் குறைவாகக் காணப்பட்டது. ஆனால், பெண்களைப் புரிந்துகொள்ளவே முடியாது என்ற எண்ணம் அவர்களிடம் மிகுந்திருந்தது. கவலைக்குரியது இதுவே.

பெண்ணுடலைப் பண்டமாக்குகிறது என்ற எதிர்ப்பு தென்கொரியாவில் வலுவாக எழுந்தது. 2019 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இறக்குமதியை அனுமதித்தபோது, தடைகோரிய மனுவில் 2 இலட்சத்துக்கும் அதிகமானோர் ஒப்பமிட்டனர். தெரிந்த பெண்ணின் முகத்தையே பொம்மைக்கு வைத்துவிட முடியும் என்பது அவர்களின் நியாயமான அச்சம். 2020 மே மாதத்தில் மைதானத்தின் வெற்று இருக்கைகளில் இத்தகைய பொம்மைகளை அமர்த்தியதற்காக எஃப்.சி. சியோல் கால்பந்து அணிக்கு 10 கோடி வொன் அபராதம் விதிக்கப்பட்டது.

பேசக்கூடிய எந்திரப் பொம்மைகளும் இப்போது விற்கப்படுகின்றன. குழந்தை உருவில் அமைந்தவற்றை ஆஸ்திரேலியா 2019இலும் ஜெர்மனி 2021இலும் சட்டத்தால் தடைசெய்தன.