பொய் பிடிக்கும் மெஷினும் புருஷன் பெண்டாட்டியும்

"நீ எனக்குத் துரோகம் பண்ணிவிட்டாய்" என்கிறார் ஒருவர். "சத்தியமாக இல்லை" என்கிறார் அவருடைய துணை. இந்த வழக்குக்குச் சாட்சி கிடையாது, ரசீது கிடையாது, கணக்குப் புத்தகமும் கிடையாது. ஒன்று நடந்தது என்று நிரூபிப்பதற்காவது வழி இருக்கிறது. நடக்கவே இல்லை என்று எப்படி நிரூபிப்பது? அப்போதுதான் யாராவது சொல்வார்கள்: "அப்படியானால் டெஸ்ட் எடுத்துக்கொள்ளேன்!"

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. சீதை தீயில் இறங்கிய கதை நமக்கெல்லாம் தெரியும். பைபிளின் பழைய ஏற்பாட்டில், எண்ணாகமம் 5-ஆம் அதிகாரத்தில், இதற்கென்றே ஒரு சடங்கு இருக்கிறது. மனைவி மேல் சந்தேகப்படும் கணவன் அவளை ஆசாரியனிடம் அழைத்துப் போவான். பரிசுத்த நீரில் ஆசரிப்புக் கூடாரத்துத் தரையின் புழுதியைப் போட்டு, சாப வார்த்தைகளை எழுதி அதில் கழுவிக் கலந்து, அவளுக்குக் குடிக்கக் கொடுப்பார்கள். குற்றவாளி என்றால் வயிறு வீங்கும், இல்லையென்றால் ஒன்றும் ஆகாது. சாட்சி தேவையில்லை, கணவனுடைய சந்தேகமே போதும். (மனைவி கணவனைச் சந்தேகப்பட்டால் கொடுப்பதற்கு அதில் தண்ணீர் எதுவும் சொல்லப்படவில்லை!)

இன்றைய மெஷினுக்கு நிஜமான தாத்தா என்றால் அது கேலன்தான். 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர். தூக்கம் வராமல் தவித்த ஒரு பெண்ணைப் பார்க்கப் போனார். உடம்பில் ஒரு கோளாறும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஒருவர், பிலாடீஸ் என்ற நடனக்காரர் ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் முகம் மாறியது, நாடி தாறுமாறாக ஓடியது. கேலன் அவசரப்பட்டு முடிவு கட்டவில்லை. அடுத்தடுத்த நாட்களில் வேறு நடனக்காரர்களின் பெயர்களைச் சொல்ல வைத்துப் பார்த்தார். நாடி அசையவில்லை. மறுபடி பிலாடீஸ் பெயர் வந்தது, மறுபடி துள்ளியது. காதல் நோய் என்று கண்டுபிடித்துவிட்டார்.

இங்கே கேலன் பிடித்தது பொய்யை அல்ல, மனக் கலக்கத்தை. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதுதான் பிரச்சனை.

1915-இல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன், ஒருவர் பொய் சொல்லும்போது ரத்த அழுத்தம் ஏறுகிறதா என்று ஆராய்ந்தார். கோபம் வந்தாலோ பரபரப்பானாலோ தனக்கு ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று மனைவி எலிசபெத் சொன்னதில் இருந்துதான் அந்த யோசனை பிறந்ததாகச் சொல்கிறார்கள். ஆக, இந்தக் கருவி பிறந்ததே ஒரு புருஷன் பெண்டாட்டி பேச்சில்தான்.

மார்ஸ்டனுக்கு விளம்பரம் என்றால் உயிர். 1938-இல் அமெரிக்காவின் 'லுக்' பத்திரிகை, அவர் தன் கருவியை வைத்துத் தம்பதிகளின் மனஸ்தாபத்தைத் தீர்ப்பதாகப் படங்களோடு கட்டுரை போட்டது. அதே வருடம் ஜில்லெட் பிளேடு விளம்பரத்திலும் அவரும் கருவியும் வந்தார்கள். ஆனால் அவருடைய சொந்த வீட்டுக் கதை வேறு. மனைவியோடு ஆலிவ் பைர்ன் என்ற இன்னொரு பெண்ணும் அதே வீட்டில் வாழ்ந்தார். இருவருக்குமே மார்ஸ்டனிடம் குழந்தைகள். ஊருக்கு ஆலிவ் ஒரு விதவை என்று சொல்லி வைத்திருந்தார்கள், அவருக்கு இறந்துபோன கணவர் ஒருவரைப் பெயரோடு கற்பனையாகவே உருவாக்கியிருந்தார்கள்! ஆலிவின் பிள்ளைகளுக்குக்கூட அப்பா யார் என்ற உண்மை சொல்லப்படவில்லை. ஊரார் வீட்டுப் பொய்யைப் பிடிக்கக் கிளம்பியவர் வீட்டில் இப்படி. 1941-இல் 'வொண்டர் வுமன்' காமிக்ஸை உருவாக்கியவரும் இவரேதான். அவளுடைய கயிற்றில் மாட்டியவர்கள் உண்மையைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

1921-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜான் லார்சன் என்ற போலீஸ்காரர் ரத்த அழுத்தத்தையும் மூச்சையும் விடாமல் தாளில் பதிவு செய்யும் கருவியைச் செய்தார். உடலியலில் டாக்டர் பட்டம் வாங்கிய போலீஸ்காரர் அவர். ஒரு மாணவிகள் விடுதியில் திருட்டு நடக்க, அங்கிருந்த பெண்களைத் தன் கருவியில் உட்கார வைத்தார். அப்படி உட்கார்ந்தவர்களில் ஒருவரையே மறுவருடம் கல்யாணமும் செய்துகொண்டார். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் இதே லார்சன் பிற்காலத்தில் தன் கண்டுபிடிப்பை ஃபிராங்கன்ஸ்டைனின் பூதத்தோடு ஒப்பிட்டு நொந்துகொண்டார். போலீஸ் அதைப் பயமுறுத்தும் சாதனமாகப் பயன்படுத்தியது அவருக்குப் பிடிக்கவில்லை.

சரி, இந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது? மார்பிலும் வயிற்றிலும் மூச்சை அளக்கும் பட்டைகள், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விரல்களில் வியர்வையை அளக்கும் தகடுகள். அவ்வளவுதான். பொய்க்கென்று உடம்பில் தனி அடையாளம் எதுவும் கிடையாது. அதனால் 1947-இல் ஜான் ரீட் என்பவர் ஒரு உத்தியைக் கொண்டு வந்தார். முக்கியமான கேள்வியோடு வேறு சில கேள்விகளையும் கலந்து கேட்பது. உதாரணமாக, "உங்களை நம்பிய யாரிடமாவது எப்போதாவது பொய் சொன்னதுண்டா?" என்று ஒரு கேள்வி. யாராக இருந்தாலும் இதற்குக் கொஞ்சம் நெளிவார்கள். நிரபராதி இந்தக் கேள்விக்கு அதிகம் கலங்குவார், குற்றவாளி "கல்யாணத்துக்கு அப்புறம் வேறு யாரோடாவது உறவு வைத்திருந்தீர்களா?" என்ற நிஜக் கேள்விக்கு அதிகம் கலங்குவார் என்பது கணக்கு.

இந்தக் கணக்கை ஒரு குடும்பத்துக்குள் போட்டுப் பாருங்கள். ஒரு தப்பும் செய்யாத மனிதர். வெளியே மனைவி காத்திருக்கிறாள். ரிசல்ட் சரியாக வராவிட்டால் வீடு போச்சு, பிள்ளைகள் போச்சு. சின்ன வயதில் சொன்ன பொய் பற்றிய கேள்வியா அவர் நெஞ்சை அதிகமாகப் படபடக்க வைக்கும்? எந்தக் கேள்வியில் வாழ்க்கையே தொங்குகிறதோ அந்தக் கேள்விக்குத்தானே! நிரபராதிக்கும் பயம், குற்றவாளிக்கும் பயம். கல்லுளிமங்கனுக்கு மட்டும் இரண்டுமே கிடையாது.

உளவியலாளர் பால் எக்மன் இதற்கு 'ஒதெல்லோ பிழை' என்று பெயர் வைத்தார். ஷேக்ஸ்பியர் நாடகத்தில் ஒதெல்லோ தன் மனைவி டெஸ்டிமோனாவைச் சந்தேகப்படுகிறான். இவன் நம்பப் போவதில்லை என்று தெரிந்து அவள் பயந்து அழுகிறாள். அந்தப் பயத்தையும் அழுகையையுமே துரோகத்துக்கு அத்தாட்சியாக எடுத்துக்கொண்டு அவளைக் கொன்றுவிடுகிறான். மெஷின் இல்லாமலே நடந்த பாலிகிராஃப் டெஸ்ட் அது.

கோர்ட்டுகள் ஆரம்பத்திலேயே உஷாராக இருந்தன. மார்ஸ்டனின் சோதனையைச் சாட்சியமாக ஏற்க வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1923-லேயே மறுத்துவிட்டது. கல்லாவில் பணம் குறைந்தால் ஊழியர்களையெல்லாம் மெஷினில் உட்கார வைக்கும் வழக்கத்தையும், 1988-இல் வந்த சட்டம் பெரும்பாலான தனியார் முதலாளிகளுக்குத் தடை செய்தது. 2003-இல் அமெரிக்க தேசிய அறிவியல் குழு ஒன்று, குறிப்பிட்ட சம்பவம் பற்றிய சோதனைகள் குருட்டாம்போக்கைவிட நன்றாகவே கண்டுபிடிக்கின்றன, ஆனால் துல்லியத்துக்கு ரொம்பக் கீழே நிற்கின்றன என்றது. இந்தியாவில் 2010 மே மாதம் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் சம்மதம் இல்லாமல் இந்த டெஸ்ட் செய்யக் கூடாது, அது அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்புச் சொன்னது. சம்மதத்தோடு எடுத்தாலும் ரிசல்ட்டை அப்படியே சாட்சியமாக்க முடியாது.

ஆனால் வீட்டுக்குள் எந்தப் பிரிவு இருக்கிறது? அங்கே "மாட்டேன்" என்று சொன்னாலே "மடியில் கனம் இருக்கிறது" என்றாகிவிடும். சம்மதம் என்ற வார்த்தைக்கே அர்த்தம் போய்விடுகிறது.

பிரிட்டனில் ஐடிவி சேனலில் 2005 முதல் 'ஜெரமி கைல் ஷோ' என்று ஒரு காலை நிகழ்ச்சி ஓடியது. சண்டையில் இருக்கும் தம்பதிகள், காதலர்கள் ஸ்டூடியோவுக்கு வருவார்கள். லை டிடெக்டர் ரிசல்ட் பார்வையாளர்கள் முன்னால் கார்டில் இருந்து வாசிக்கப்படும். கூட்டம் கூச்சல் போடும். 2007-லேயே மான்செஸ்டரில் ஒரு நீதிபதி, கரடியைக் கட்டி வைத்து நாய்களை விட்டுக் கடிக்க வைக்கும் பழைய விளையாட்டோடு இந்த ஷோவை ஒப்பிட்டுக் கண்டித்தார். டிவிக்காரர்கள் அசரவில்லை. இந்த டெஸ்ட்டின் துல்லியம் சர்ச்சைக்குரியது என்று திரையில் ஒரு வரி போட்டார்கள், அவ்வளவுதான். (பங்கு மார்க்கெட் விளம்பரத்தில் வேக வேகமாக வாசிப்பார்களே, அதுபோல.)

2019 மே 2 அன்று 63 வயதான ஒருவர் அதில் கலந்துகொண்டார். கல்யாணம் நிச்சயமாகியிருந்த பெண் அவர் மேல் சந்தேகப்பட்டார். இல்லை என்று நிரூபிக்கத்தான் இவர் டெஸ்ட்டுக்கு வந்தார். பொய் சொல்கிறார் என்று ரிசல்ட் வந்தது. உறவு முறிந்தது. ஒரு வாரத்தில் அவர் தன் அறையில் இறந்து கிடந்தார். மே 15 அன்று ஐடிவி நிகழ்ச்சியையே நிரந்தரமாக நிறுத்தியது.

அடுத்த மாதம் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டு, அந்த டெஸ்ட் எத்தனை சதவீதம் சரியாக இருக்கும் என்று கேட்டது. அவர்களால் உறுதியான ஒரு எண்ணைச் சொல்ல முடியவில்லை. பதினாலு வருடம் அந்த மெஷினை வைத்து வியாபாரம் செய்தவர்கள்! ஒரு பெட்டிக்கடைக்காரர்கூடத் தராசு சரியா என்று பார்த்து வைத்துக்கொள்வார்.

2021 ஏப்ரலில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், நிகழ்ச்சிகளில் கலந்துகொள்பவர்களின் பாதுகாப்புக்குப் புது விதிகளைக் கொண்டு வந்தது. 2024 செப்டம்பரில் மரண விசாரணை முடிந்தது. தற்கொலை என்று பதிவு செய்த விசாரணை அதிகாரி, அந்த நிகழ்ச்சியில் பட்ட அனுபவம் அவருடைய வேதனையைக் கூட்டியிருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதுதான் காரணம் என்று சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றார். அந்த எபிசோட் ஒளிபரப்பாகவே இல்லை.