புகார் நகரின் நிலமும் நீரும்

ஒரு நகரின் வரலாறு என்றவுடன் அதனை ஆண்ட மன்னர்களின் பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. பள்ளியில் நாம் பயின்ற முறை அத்தகையது. ஆயின் நகர் என்பது மன்னனால் மட்டும் அமைவதன்று. ஆறு கொணர்ந்த வண்டலும், கடல் ஒதுக்கிய மணலும், அவற்றின்மேல் கிணறு தோண்டியும் செங்கல் அடுக்கியும் கலம் வனைந்தும் வாழ்ந்த மக்களின் உழைப்பும் ஒன்றுசேர்ந்தே நகராகின்றன. அந்நிலமும் என்றும் ஒரே நிலையில் நிற்பதில்லை. ஆறு தடம் மாறுகிறது, கரை பின்வாங்குகிறது, துறைமுகம் தூர்ந்து வயலாகிறது. இம்மாறுதல்களைத் தொல்லியல் அறிஞர்கள் எவ்வாறு அறிகின்றனர் என்பதைக் காவிரிப்பூம்பட்டினத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

இலக்கியம் காட்டும் நகர்

மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் இன்றைய பூம்புகார் அமைந்துள்ளது. கீழையூர், மேலையூர், வானகிரி, பல்லவனேசுவரம் எனச் சிற்றூர்களும் வயல்களும் மீனவர் குடியிருப்புகளுமாகக் காணப்படும் இப்பகுதியே சோழரின் பழந்துறைமுகம் என்பர். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் நில நூல் எழுதிய தாலமி இதனைக் ‘கபேரிஸ்’ என்று குறிப்பிடுகிறார். பொதிகளின்மேல் புலிச்சின்னம் பொறித்துச் சுங்கம் கொண்ட செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது.

சிலப்பதிகாரம் இந்நகரை இரு பகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. கடலை ஒட்டியது மருவூர்ப்பாக்கம். உள்நிலத்தில் அமைந்தது பட்டினப்பாக்கம். இரண்டிற்கும் இடையே நாளங்காடி இருந்தது. அரசரும் அந்தணரும் பெருவணிகரும் பட்டினப்பாக்கத்தில் வாழ்ந்தனர். மருவூர்ப்பாக்கத்திலோ நெய்வோர், குயவர், தச்சர், கொல்லர், மீன் விற்போர், உப்பு விற்போர், தோல் தைப்போர் முதலிய உழைப்பாளர் பலரும், கடல் கடந்து வந்த யவனரும் குடியிருந்தனர். இப்பகுப்பை நாம் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்; பின்னர் இதன் பயன் விளங்கும்.

இந்திர விழாவைச் செய்ய மறந்தமையால் இந்நகரைக் கடல் கொண்டது என்று மணிமேகலை உரைக்கிறது. காப்பியம் கூறும் காரணம் எவ்வாறாயினும், கடல் உட்புகுந்த செய்தி மக்கள் நினைவில் நின்றது என்பது இதனால் பெறப்படுகிறது.

மண்ணைப் படிக்கும் முறை

இந்தியத் தொல்லியல் துறை 1960-களின் முற்பகுதி முதல் 1973 வரை இப்பகுதியில் பல இடங்களில் அகழாய்வு செய்தது. அகழாய்வின் அடிப்படை எளிது. மண் அடுக்கடுக்காகப் படிகிறது. கீழடுக்கு பழையது, மேலடுக்கு பிற்பட்டது. ஒவ்வோர் அடுக்கும் தான் உருவான சூழலுக்குத் தானே சான்றாகிறது. நுண்ணிய களிமண் காணப்பட்டால் அமைதியான ஆற்றுநீரோ கழியோ அங்கு நின்றிருத்தல் வேண்டும். கடற்சிப்பி கலந்த மணல் காணப்பட்டால் அங்குக் கடற்கரை இருந்திருத்தல் கூடும். பானையோடும் சாம்பலும் கிடைத்தால் மனிதர் வாழ்ந்தனர் என்பது உறுதி. மரமும் கரியும் கிடைப்பின் அவற்றின் வயதைக் கரிமக் கணிப்பால் அறியலாம். உயிர் நீங்கிய பொருளில் உள்ள கதிரியக்கக் கரிமம் ஏறக்குறைய 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. எஞ்சியதை அளந்து காலத்தைக் கணிக்கும் இம்முறையை அமெரிக்க அறிஞர் லிபியும் அவர் குழுவினரும் 1940-களின் இறுதியில் வகுத்தனர்.

கீழையூரில் பெருஞ்செங்கற்களால் கட்டப்பட்ட மேடை ஒன்றும், படகுகளைக் கட்டுதற்குரியன எனக் கருதப்படும் மரத்தூண்களும் வெளிப்பட்டன. இதனை அறிஞர்கள் படகுத்துறை என்கின்றனர். மரத்தின் வயதைக் கணித்தபோது அது கி.மு. 3-ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனத் தெரிந்தது. படகு வந்து நின்ற இடத்தில் நீர் ஓடியிருத்தல் வேண்டுமன்றோ? ஆகவே காவிரியின் பழைய கிளையோ கழியோ அப்பக்கம் இருந்தது என்பது முடிபாகிறது. வானகிரியில் நீர்த்தேக்கத்திற்குரிய செங்கல் வாய்க்கால் அமைப்பும், பல்லவனேசுவரத்தில் பௌத்த விகாரமும், புத்தர் திருவடி பொறித்த கல்லும் கிடைத்தன. மணிமேகலை பாடிய அறம் இம்மண்ணில் நிலைபெற்றிருந்தமைக்கு இவை கண்கூடான சான்றுகள்.

கடல் கொண்ட பாக்கம்

நிலத்தில் மட்டுமன்றி நீரிலும் ஆய்வு நடைபெற்றது. 1981 முதல் தேசியக் கடலாய்வு நிறுவனத்தாரும் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினரும் பூம்புகார்க் கடற்பகுதியை ஆராய்ந்தனர். அலை வந்து மீளும் கரையிலேயே செங்கற் கட்டடங்களின் எச்சங்களும், சுடுமண் உறைகிணறுகளும் காணப்பட்டன. கரையை அடுத்த ஆழங்குறைந்த நீரிலும் பானையோடுகள் கிடைத்தன.

இவற்றுள் உறைகிணறே நமக்குச் சிறந்த ஆசானாக விளங்குகிறது. சுட்ட மண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கி அமைப்பது உறைகிணறு. மணற்பாங்கான நிலத்தில் பக்கச்சுவர் சரியாமல் இருக்கவே இவ்வாறு செய்தனர். குடிநீர் வேண்டிக் கிணறு தோண்டுவோர் எவரும் உப்பு அலை மோதும் இடத்தில் தோண்டமாட்டார். அக்கிணறு தோண்டப்பட்ட நாளில் அங்கு நன்னீர் ஊறியது, வீடுகள் இருந்தன, கடல் கிழக்கே விலகி நின்றது. இன்று அதே கிணற்றை அலை மூடுகிறது. கரை எத்திசையில் நகர்ந்தது என்பதை ஓர் எளிய கிணறு இவ்வாறு மறுக்கவொண்ணாதபடி காட்டிவிடுகிறது.

ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில் குதிரை இலாட வடிவிலான அமைப்பொன்றும் கண்டறியப்பட்டது. அது மனிதர் ஆக்கியதா, இயற்கையில் அமைந்ததா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. பெருமை பேசும் ஆர்வத்தில் நாம் முந்திக்கொண்டு முடிவு கூறுதல் தகாது. சான்று எவ்வளவு செல்கிறதோ அவ்வளவே நாமும் செல்லுதல் வேண்டும்.

கடல் ஒரே நாளில் நகரை விழுங்கியது என்பதினும், அலை அரிப்பும் கடல் மட்ட மாற்றமும் புயலும் சேர்ந்து பல நூற்றாண்டுகளாகக் கரையைத் தின்றன என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. நம் காலத்திலும் அரிப்பு நின்றபாடில்லை. 2004 திசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது.

இங்கே நாம் முன்னர்க் கண்ட நகரப் பகுப்பை நினைவு கூர்வோம். கடல் உட்புகும்போது முதலில் அழிவது கடலோரம். காப்பியம் கூறும் அமைப்பு உண்மையாயின், முதலில் அழிந்தது குயவரும் கொல்லரும் தோல் தைப்போரும் வாழ்ந்த மருவூர்ப்பாக்கமே ஆதல் வேண்டும். உள்நிலத்தே வாழ்ந்தோர்க்குப் புலவர் பாட்டும் எஞ்சியது, நிலமும் எஞ்சியது. உழைத்தோர்க்கு எஞ்சியவை அலையடியில் கிடக்கும் ஓடுகளும் உறைகளுமே. அவற்றைப் படிக்கும் கல்வி இல்லையேல் அம்மக்கள் இரண்டாம் முறையும் அழிந்தவராவர்.

நமக்குரிய கடமை

குளம் தூர் வாருவோர், செங்கற்சூளைக்கு மண் எடுப்போர், கிணறு வெட்டுவோர் ஆகியோரில் பெரும்பாலோர் நம்மவரே. அகழாய்வுக் குழிகளிலும் மண்வெட்டி பிடிப்போர் அவ்வவ்வூர் உழைப்பாளரே. பழமையான ஓட்டை முதலில் காணும் கண் நம்முடையது. அதைத் தொட்டு எடுக்கும் கை நம்முடையது. எழுதும் கை மட்டும் நெடுங்காலம் நம்முடையதாக இருந்ததில்லை. பொதுக்குளத்து நீரை முகக்கும் உரிமைக்கே 1927-இல் மகத்தில் அண்ணல் அம்பேத்கர் மக்களைத் திரட்டிப் போராட வேண்டியிருந்த நாட்டில், கிணறு தோண்டியவரின் வரலாற்றை யார் எழுதியிருப்பர்?

இக்குறையைப் போக்குவது இளைஞர் கையில் உள்ளது. உங்கள் ஊரில் மண் வெட்டும்போது கறுப்பு சிவப்புப் பானையோடோ உறைகிணறோ வெளிப்பட்டால் அதனைக் கலைக்காதீர்கள். எந்த ஆழத்தில், எவ்வகை மண்ணில் கிடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறைக்கோ வட்டாட்சியருக்கோ தெரிவியுங்கள். இடத்தைவிட்டுப் பெயர்த்த ஓடு பேச்சிழந்த சாட்சியாகிவிடும். பட்டம் பெற்றோர் தொல்லியலையும் கல்வெட்டியலையும் நிலவியலையும் பாடமாக ஏற்றுப் பயில முன்வருதல் வேண்டும். அரசுப் பணிக்கும் பொறியியலுக்கும் நம் பிள்ளைகளை அனுப்புவது போலவே இத்துறைக்கும் அனுப்புதல் நன்று.

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கம் எழுத்தறிவை நம் இல்லங்களுக்குக் கொணர்ந்தது. அவ்வெழுத்தறிவைக் கொண்டு நம் காலடி மண்ணையும் படிக்கக் கற்போமாக.